பலகை வாங்குமுன் கூரையைப் பாருங்கள்

கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடு வாய்க்கால் பாயும் ஒரு கிராமம். பெரும்போக வெள்ளாமை வெட்டி, நெல்லை விற்று, கடன்களையும் ஒருவாறு அடைத்து முடித்திருந்த மாசி மாதத்து மத்தியானம். வீட்டுக்கார அம்மா எம்மைத் திண்ணையில் இருத்திவிட்டுத் தேநீர் வைக்க உள்ளே போனார். எமது கண் குசினியின் மேற்பக்கம் போயிற்று. சாம்பல் நிறச் சீலிங் தகடுகள். அவற்றிலே சிறிதும் பெரிதுமாக ஓட்டைகள். சில ஓட்டைகளில் பழந்துணி அடைக்கப்பட்டிருந்தது. ஒரு மூலை தொய்ந்து, கட்டுக்கம்பியில் தொங்கியது.

“2008 கடைசியிலை நாங்கள் வெளிக்கிட்ட பிறகு ஷெல் பீஸ் பட்டது தம்பி. எண்ணிப் பார்த்தனான், 17 ஓட்டை. முகாமிலை இருந்து 2010இலை திரும்பி வந்தபோது சுவரும் பாதி ஓடும் இருந்தது. உதவி கிடைச்சு ஓட்டைப் போட்டம். சீலிங்குக்குக் காசு காணாது. இப்ப மகள் பிள்ளைப்பெறுவுக்கு வாறாள். மூத்த பேத்திக்கும் இழுப்பு. இந்த முறை எப்படியும் மாத்திப்போட வேணும்.”

“எதைப் போடப் போகிறீர்கள் அம்மா?”

“ரவுணிலை வெள்ளைப் பலகை அடிக்கினம். பார்க்க வடிவு. அதைத்தான் போடச் சொல்லி மகன் சொல்லுறான். ஆனா பக்கத்து வளவிலை அடிச்சது போன மாரிக்குள்ளையே விழுந்துபோச்சு. அதுதான் யோசனை.”

இந்த அம்மாவின் யோசனை இன்று பல வீடுகளில் உள்ள யோசனைதான். இடம்பெயர்ந்து, கொட்டிலிலும் கூடாரத்திலும் காலம் கழித்து, திரும்பி வந்து வீட்டைத் துண்டு துண்டாகத் திருத்துகிறோம். ஒரு போகத்து மிச்சத்தில் கதவு, அடுத்த போகத்து மிச்சத்தில் சீமெந்துத் தரை, அதற்கடுத்ததில் சீலிங். ஒரு தரம் பிழைத்தால் மறுபடி செய்யக் காசு இல்லை. ஆகவே கடைக்குப் போகுமுன் சற்று ஆறுதலாக இருந்து சிந்திப்போம்.

வெள்ளைப் பலகை என்பது என்ன?

கடையில் ‘ஜிப்சம் போட்’ என்று விற்பது பலகையே அல்ல. ஜிப்சம் என்னும் மென்மையான கல்லை அரைத்து, சூடாக்கி, நீரில் குழைத்து, இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே வார்த்து இறுகவைத்த தகடு அது. கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வெள்ளைச் சாந்தும் இதே இனந்தான். சாந்தையும் காகிதத்தையும் அடுக்கித் தகடாக்கும் முறைக்கு 1894ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒகஸ்ரின் சக்கெற் என்பவர் காப்புரிமை பெற்றார். ஈரச் சாந்து பூசிக் காயும்வரை காத்திருக்கும் வேலையை அது குறைத்தது. அதனாலேயே உலகெங்கும் பரவியது.

இந்தத் தகட்டின் நல்ல குணமும் கெட்ட குணமும் நீரோடு தொடர்புடையவை. ஜிப்சத்தின் நிறையில் ஏறத்தாழ 21 சதவீதம், கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் நீர். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும்வரை மறுபக்கம் அவ்வளவு விரைவில் சூடேறாது. ஆகவே நெருப்பை ஓரளவு தாமதப்படுத்தும். மரப்பலகையைப் போலப் பற்றி எரியாது. இது நல்ல குணம்.

வெளியிலிருந்து வரும் நீரை அதனால் தாங்க முடியாது. இது கெட்ட குணம். நனைந்த தகடு பாரமாகும், நடுவில் தொய்யும், ஆணி பிடித்த இடம் இளகும், இறுதியில் தலையில் விழும். விழாவிட்டாலும், ஈரமான காகிதத்தில் கரும்பூஞ்சணம் படரும். இழுப்புள்ள பிள்ளைக்குப் பூஞ்சணம் ஆகாது.

இன்னுமொன்று. ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு நெடுநாள் தொடர்ந்து பட்டால், கல்லுக்குள் கட்டுண்ட நீர் மெல்ல மெல்ல வெளியேறித் தகடு வலுவிழக்கும். சித்திரை வெயிலில் வெறுந்தகரத்தில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். தகரத்தோடு ஒட்டினாற்போல இந்தத் தகட்டை அடிக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். விறகடுப்பின் சுவாலைக்கு நேர்மேலேயும் கூடாது.

பக்கத்து வளவில் நடந்தது என்ன?

தேநீர் குடித்துவிட்டுப் பக்கத்து வளவுக்கும் போனோம். அந்த வீட்டுக்காரர் விழுந்த சீலிங்கின் துண்டொன்றை இன்னும் வைத்திருந்தார். அது கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தடிப்புள்ள சாதாரணத் தகடு. “தண்ணிக்கு ஒண்டும் செய்யாது எண்டு சொல்லித்தான் தந்தவை” என்றார். தாங்கும் மரங்களுக்கு இடையே இரண்டரை அடி இடைவெளி. முகட்டில் இரண்டு ஓடுகள் வெடித்திருந்தன. அந்த வெடிப்பு, சீலிங் அடிக்கும்போதே இருந்ததாம். “சீலிங் மறைக்குந்தானே எண்டு விட்டிட்டம்” என்றார்.

இங்கேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒழுக்கை மறைக்கச் சீலிங் அடித்தால், ஒழுக்கு நிற்காது. எமது கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். முன்பு தரையில் சட்டி வைத்துப் பிடித்த நீர், இப்போது தகட்டின் மேல் தேங்கும். தொய்வு கண்ணில் பட்டு ஏணியைத் தேடுமுன் காரியம் முடிந்துவிடும்.

ஆகவே பலகை வாங்குமுன் கூரையைப் பாருங்கள். முகட்டு ஓடு, சுவரும் கூரையும் சேரும் இடம், பீலி, புகைக்கூடு துளைத்துப் போகும் இடம் என்பவற்றிலேதான் பெரும்பாலும் ஒழுக்கு இருக்கும். மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒருவர் ஏணியில் நின்று வாளியால் கீழ்ப்பக்கமிருந்து மேலாகப் பகுதி பகுதியாக நீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே ரோச் லைற்றுடன் நின்று பார்க்கலாம். ஒழுகும் இடத்தைச் சோக்கட்டியால் அடையாளமிடுங்கள். ஓட்டைத் திருத்தியபின் மீண்டும் ஒரு தரம் ஊற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு துளியும் வராத பின்னர்தான் பலகையைப் பற்றிய பேச்சு.

இந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். பக்கத்து வளவில் அந்தப் பிற்பகலைச் செலவிட்டிருந்தால் ஒரு போகத்து மிச்சம் காப்பாற்றப்பட்டிருக்கும்.

கீழே எரிவது எது?

மேலே பார்த்தாயிற்று. இனிக் கீழே பார்ப்போம். உங்கள் குசினியில் எரிவது விறகா, காஸா?

விறகென்றால், குசினிக்குச் சீலிங் தேவையா என்பதையே முதலில் கேட்க வேண்டும். எமது பாட்டிமார் கிடுகுக் கொட்டிலில் சமைத்தார்கள். புகை முகட்டின் ஊடாகவும் சுவருக்கு மேலுள்ள இடைவெளியாலும் வெளியேறியது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி விதைச் சோளக் கதிரையும் விதைக்கு வைத்த காய்களையும் வைத்தார்கள். புகைபட்ட விதையில் வண்டு விழவில்லை. கிடுகும் மரமும் கறையானுக்குத் தப்பி நின்றன. அந்தக் குசினிக்குச் சீலிங் இல்லாதது வறுமையால் மாத்திரமல்ல, அதிலே ஒரு கணக்கும் இருந்தது.

அதே விறகடுப்பைக் கல்வீட்டுக் குசினிக்குள் கொண்டுவந்து, மேலே சீலிங்கும் அடித்து, பூச்சி வருமென்று யன்னலையும் சாத்தினால் புகை எங்கே போகும்? சமைப்பவரின் நெஞ்சுக்குள்தான். வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தாயின் இடுப்பிலும் அடுப்படிப் பாயிலும் இருக்கும் பிள்ளைகள் இவர்கள்.

ஆகவே விறகு எரிக்கும் குடும்பத்துக்கு எமது ஆலோசனை இது: கையில் உள்ள காசை முதலில் புகை போகும் வழிக்குச் செலவிடுங்கள். முடிந்தால் அடுப்பை வீட்டோடு சேர்ந்த ஒரு கொட்டிலுக்கு மாற்றுங்கள். அதன் முகட்டைச் சற்று உயர்த்தி இருபுறமும் திறந்து விடுங்கள். அல்லது ஒழுங்கான புகைக்கூடு கட்டுங்கள். 1980களில் எமது நாட்டில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ என்னும் இரட்டை மண்ணடுப்பு, ஒரே நெருப்பில் இரண்டு பானையை வைக்க உதவும். அதனால் விறகு மிச்சமாகும். ஆயினும் புகை முற்றாக நிற்காது. புகைக்கு வழி வேண்டும்.

காஸ் அடுப்பு மாத்திரம் பாவிப்போரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டு சிலிண்டருக்காக வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். நகரத்து வீடுகளிலும் அப்போது விறகடுப்பு திரும்பி வந்தது. அப்படியொரு நாள் மீண்டும் வந்தால் எங்கே விறகு மூட்டுவது என்பதையும் யோசித்து வைத்துவிட்டுச் சீலிங் அடியுங்கள்.

காஸ் என்றாலும் ஆவி உண்டு. சோறு வடித்து, புட்டும் இடியப்பமும் அவிக்கும் குசினியில் ஆவி மேலெழுந்து சீலிங்கில் படிந்து ஈரமாகும். மேற்சுவரில் இரண்டு காற்றுத் துவாரமாவது வேண்டும்.

பழையதைக் கழற்றுமுன்

போரில் அடிபட்ட வீடென்றால், சீலிங்குக்கு மேலே ஏறுமுன் ஓட்டை ஊடாக ரோச் லைற் அடித்து நன்றாகப் பாருங்கள். அடையாளம் தெரியாத இரும்புப் பொருள் எதுவும் தென்பட்டால் தொடவேண்டாம், தட்டவேண்டாம். எல்லோரையும் வெளியேற்றிவிட்டுப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். எத்தனை ஆண்டு சென்றாலும் வெடிபொருள் வெடிபொருள்தான்.

அடுத்தது, அந்தச் சாம்பல் நிறத் தகடு. பழைய வீடுகளில் உள்ள தட்டையான சீமெந்துத் தகடுகளில் அஸ்பெஸ்ரஸ் நார் கலந்திருக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பழைய தகடு எதுவானாலும் அஸ்பெஸ்ரஸ் என்றே எண்ணி நடந்துகொள்வது புத்தி. அஸ்பெஸ்ரஸின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் முடிவு. தகடு உடையும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறந்து நெஞ்சுக்குள் இறங்கும். இன்று உள்ளே போன நார் 20, 30, 40 ஆண்டுகளின் பின்னர்தான் நோயாக வெளிப்படும். அதனாலேயே “நாங்கள் எத்தனை தகடு உடைச்சனாங்கள், ஒண்டும் வரேல்லை” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

தகடு உடையாமல், உதிராமல் உறுதியாக இருந்தால் அதைச் சீண்டாதிருப்பதே நல்லது. துளையிடாமல், தேய்க்காமல், மேலே வர்ணம் பூசி அப்படியே விடலாம். உடைந்து தொய்ந்த தகட்டைத்தான் கழற்ற வேண்டும். இந்த வேலையில் பழக்கமும் தகுந்த கவசமும் உள்ளவர்கள் கிடைத்தால் அவர்களிடமே விடுங்கள். கிடைக்காவிட்டால் இவற்றைக் கட்டாயம் கவனியுங்கள்:

குழந்தைகள், கர்ப்பிணிகள் உட்பட வேலை செய்யாத அனைவரும் வீட்டைவிட்டு அப்பால் செல்ல வேண்டும். குசினிச் சாமான்களை முதலே அப்புறப்படுத்துங்கள். சிறிது சவர்க்காரம் கலந்த நீரைத் தெளித்துத் தகட்டை நனையுங்கள். வேலை முடியும்வரை நனைவாகவே இருக்கட்டும். சுத்தியலால் அடித்து உடைக்காமல், ஆணிகளைக் கழற்றித் தகட்டை முழுதாக இறக்குங்கள். வாள், கிரைண்டர் எதுவும் தொடக்கூடாது. வாயில் துணி கட்டுவது போதாது; முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும், நுண்தூசி வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். தும்புத்தடியால் உலரக் கூட்டக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தகட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். உடுத்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் புறம்பாக அலசுங்கள்.

கழற்றிய தகட்டை இரட்டைத் தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி, எங்கே சேர்ப்பதென்று பிரதேச சபையிடம் கேளுங்கள். கோழிக்கூட்டுக்குக் கூரையாக வெட்டுவதும், படலையடிப் பள்ளத்துக்குப் போட்டு மிதிப்பதும், கிணற்றடியில் பரப்புவதும் எமது ஊர்களில் நடக்கின்றன. சீலிங்கில் இருந்த ஆபத்தை முற்றத்துக்கு இறக்கிவிடும் வேலை அது.

எந்தப் பலகை?

இப்போதுதான் கடைக்குப் போகும் நேரம். எமது குசினிக்குப் பொதுவாகக் கிடைக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாதாரண ஜிப்சம் தகடு: மலிவு, வடிவு. வரவேற்பறைக்குச் சரி. ஆவி பறக்கும் குசினிக்குச் சரிவராது.

ஈரம் தாங்கும் ஜிப்சம் தகடு: பெரும்பாலும் பச்சை நிறக் காகிதத்துடன் வரும். உள்ளே நீரை எதிர்க்கும் மெழுகு போன்ற பொருட்கள் சேர்க்கப்பட்டிருக்கும். ஐரோப்பியத் தரநிர்ணயத்தின்படி இதில் முதல் வகுப்புத் தகட்டை இரண்டு மணிநேரம் நீரில் அமிழ்த்தி எடுத்தாலும் தன் நிறையில் 5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சியிருக்கக்கூடாது. குசினி ஆவிக்கு இது ஈடுகொடுக்கும். ஆனால் பச்சை என்றால் ஒழுக்குக்கும் அசையாது என்று எண்ணவேண்டாம். தொடர்ந்து ஒழுகினால் இதுவும் விழும்.

இளஞ்சிவப்புத் தகடு: கண்ணாடி நார் கலந்து, தீயை மேலும் சற்று நேரம் தாங்கும்படி செய்தது. தீயை எதிர்ப்பது வேறு, ஈரத்தை எதிர்ப்பது வேறு. இரண்டும் சேர்ந்த தகடும் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், தகட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் கலவாத சீமெந்து நார்த் தகடு: சீமெந்தும் மரக்கூழ் நாரும் சேர்ந்தது. ஈரத்துக்கு ஜிப்சத்தைவிட நன்றாகத் தாங்கும், கறையானும் அரிக்காது. மூட்டு மறைவதில்லை, வெட்டுவதும் கடினம். வெட்டும் தூசி நெஞ்சுக்குக் கூடாதென்பதால் வெளியே வைத்து, கவசத்துடன் வெட்ட வேண்டும். கூரையில் முழு நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இதுவே மேல். வாங்கும்போது ‘அஸ்பெஸ்ரஸ் இல்லை’ என்று தகட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிளாஸ்ரிக் பட்டி: ஈரம் ஒன்றும் செய்யாது, துடைக்க இலகு. ஆனால் சூட்டுக்கு இளகும். எரிந்தால் நஞ்சுப் புகை வரும். விறகு எரியும் இடத்தில் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

ஒட்டுப்பலகை: ஈரத்தில் பிரியும், கறையானுக்கு விருந்து, தீயும் பற்றும். குசினிக்கு வேண்டாம்.

தடிப்பையும் கவனிக்க வேண்டும். 9 மில்லிமீற்றர் அளவுள்ள தகடு மலிவாக இருக்கும். ஆனால் ஈரக்காற்றில் விரைவில் தொய்யும். குசினிக்கு அரை அங்குலம், அதாவது 12.5 மில்லிமீற்றர் தகடு நல்லது. எட்டடிக்கு நாலடித் தகடொன்று ஏறத்தாழ 25 கிலோ வரும். ஆகவே தாங்கும் மரம் உறுதியாக இருக்க வேண்டும். பழைய மரத்தைக் கூரிய ஆணியால் குத்திப் பாருங்கள். உள்ளே புகுந்தால் கறையான் அரித்த மரம், மாற்றிவிடுங்கள்.

எத்தனை தகடு வேண்டும்? 12 அடிக்கு 10 அடிக் குசினி என்று வைப்போம். நாலடி அகலத்தில் மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையும் 10 அடி நீளம். எட்டடித் தகடு ஒன்றும் இரண்டடித் துண்டு ஒன்றும் போதும். மூன்று முழுத்தகடு, துண்டுகளுக்கு இன்னொரு தகடு, மொத்தம் நான்கு. இரண்டடித் துண்டொன்று மிஞ்சும். கடையில் ஐந்தாறு தகடு எழுதித் தந்தால் காரணம் கேளுங்கள்.

அடிக்கும்போது

ஓடாவியாரிடம் விட்டாலும் நாமும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய சில விடயங்கள் உண்டு.

தாங்கும் மரங்களுக்கு இடையே 16 அங்குலம் இருக்கட்டும். மரத்தை மிச்சம்பிடித்தால் தகடு தொய்யும். தகட்டின் நீளப்பக்கம் மரங்களுக்குக் குறுக்காக வரவேண்டும். வரிசைக்கு வரிசை மூட்டை மாற்றி வையுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் நேர்மேலே ஒரு மரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலதிகமாக ஒன்று வைக்க வேண்டும்.

ஆணியைவிடப் புரியாணி நல்லது. அரை அங்குலத் தகட்டை மரத்தில் பிடிக்க ஒன்றரை அங்குலப் புரியாணி போதும். துருப்பிடிக்காதபடி நாகம் பூசியதாக இருக்கட்டும். தகட்டின் நடுவில் 9 அங்குலத்துக்கு ஒன்று, முனைகளில் 6 அங்குலத்துக்கு ஒன்று. விளிம்பிலிருந்து அரை அங்குலமாவது உள்ளே தள்ளி ஏற்றுங்கள். தலை காகிதத்துக்குச் சற்றுக் கீழே அமர வேண்டும். காகிதத்தைக் கிழித்து உள்ளே போனால் அந்தப் புரியாணி எதையும் தாங்காது.

தகட்டை வீட்டுக்குக் கொண்டுவரும்போது இருவர் நிமிர்த்திப் பிடித்துத் தூக்குங்கள். வைக்கும்போது தரையில் கட்டை போட்டு, அதன்மேல் படுக்கையாக அடுக்குங்கள். சுவரில் சாத்தி வைத்தால் வளையும்.

மூட்டுக்களுக்கு நாடா ஒட்டிப் பூச்சுப் பூசிக் காயவிட்டு, முதல் பூச்சும் பின்னர் ஈரம் தாங்கும் வர்ணமும் பூசுங்கள். வெட்டிய விளிம்புகளுக்கும் பூச்சு வேண்டும். ஈரம் முதலில் நுழைவது அங்கேதான்.

கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே காற்று ஓட வழி விடுங்கள். தாழ்வாரப் பக்கத்தில் துவாரம் வைத்து, எலியும் வௌவாலும் புகாதபடி கம்பிவலை அடிக்கலாம். ஒரு மூலையில் ஆள் தலை நீட்டிப் பார்க்கக்கூடிய இரண்டடிச் சதுரக் கதவும் வையுங்கள். ஒவ்வொரு புரட்டாதியிலும், மாரி தொடங்குமுன், அந்தக் கதவைத் திறந்து மேலே ஒருமுறை பாருங்கள்.

மாசி, பங்குனி இந்த வேலைக்கு நல்ல காலம். நெல் விற்ற காசும் கையில் இருக்கும், வெயிலும் இருக்கும்.

மீண்டும் அந்தக் குசினியில்

கார்த்திகையில், நான்கு நாள் விடாமழைக்குப் பின்னர், அந்த வீட்டுக்கு மீண்டும் போனோம். சாம்பல் தகடுகள் இல்லை. பங்குனியில் முகட்டு ஓடுகளை மாற்றி, இரண்டு தரம் நீர் ஊற்றிப் பார்த்தார்களாம். இரண்டாம் தரமும் ஒரு மூலையில் கசிந்ததால், வேலை ஒரு கிழமை பிந்தியது. “மகன் கோவிச்சவன். நான் விடேல்லை” என்றார் அம்மா.

விறகடுப்பு இப்போது பின்பக்கக் கொட்டிலில் இருக்கிறது. முகடு உயர்த்தி, இருபுறமும் திறந்திருக்கிறது. அடுப்புக்கு மேலே பரணும் கட்டியாயிற்று. அதிலே அடுத்த விதைப்புக்குச் சோளக் கதிர்கள். உள்ளே காஸ் அடுப்புள்ள குசினியில் பச்சைத் தகடு நான்கு அடித்து, மேலே வெள்ளை வர்ணம் பூசியிருக்கிறார்கள். கொட்டிலுக்கும் ஓட்டுக்கும் காசு போனதால், மகன் கேட்ட அலங்கார வேலைப்பாடு எதுவும் இல்லை. வெறும் வெள்ளை.

மிஞ்சிய இரண்டடித் துண்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். அம்மா சிரித்தார். அதை வீட்டுக்குள் வைத்துப் பேத்தி கரித்துண்டால் எழுதிப் பழகுகிறாளாம். “இழுப்பு முற்றாய் விட்டுதெண்டு சொல்லேலாது தம்பி. ஆனா இந்த மாரிக்கு ராவிலை நித்திரை கொள்ளுறாள்.”

உள்ளறையிலிருந்து பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டது. அம்மா எழுந்து போகும்போது, குசினி வாசலில் நின்று ஒருமுறை மேலே பார்த்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சீலிங்கில் ஒரு கறையும் இல்லை.

மறவாதீர்கள்

1. முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள். நீர் ஊற்றிச் சோதியுங்கள்.
2. விறகு எரித்தால், சீலிங்குக்கு முன்னர் புகைக்கு வழி செய்யுங்கள்.
3. போரில் அடிபட்ட கூரைக்குள் இனந்தெரியாத பொருள் இருந்தால் தொடாதீர்கள்.
4. பழைய சாம்பல் தகட்டை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், வளவில் பரப்பாதீர்கள்.
5. குசினிக்கு ஈரம் தாங்கும் அரை அங்குல ஜிப்சம் தகடு, அல்லது அஸ்பெஸ்ரஸ் கலவாத சீமெந்து நார்த் தகடு.
6. மரத்துக்கு மரம் 16 அங்குலம், துருப்பிடிக்காத புரியாணி.
7. மாரிக்கு முன்னர் ஆண்டுதோறும் மேலே ஏறிப் பாருங்கள்.